கொக்கு விட்ட ஒன்பது கோல்

எங்கள் கிடங்கு டீம் பணிமனை டீமுக்கு ஒன்பது கோல் போட்டது. அவர்கள் திருப்பி ஒன்றுகூடப் போடவில்லை. அன்றைக்கு நான் தொண்டை கிழியக் கத்தினேன். வீட்டுக்கு வந்தபோது குரல் கம்மிப்போயிருந்தது. வெந்நீரில் உப்பைப் போட்டுக் கொப்பளித்துக்கொண்டே தனியாகச் சிரித்தேன். இப்போது அந்த ஆட்டத்தைப் பற்றி எவனாவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறேன். ஏன் போகிறாய் என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். ஒரே தடவை சொல்லிவிடுகிறேன். நம்புகிறவன் நம்பட்டும். நம்பாதவன் போய் அந்தக் கோப்பையைக் கழுவிக் குடிக்கட்டும்.

கிடங்கு என்றால் தானியக் கிடங்கு. நான் மூட்டை தூக்கின காலத்திலிருந்து அதுதான் என் டீம். முட்டி தேய்ந்துபோன பிறகு மூட்டை இல்லை. கிழிந்த சாக்குகளைக் கட்டாகக் கட்டி வீட்டுக்கு அனுப்புவார்கள், கோணி ஊசியும் சணலும் வைத்துத் தைத்துக் கொடுப்பேன். வீடு என்று சொல்வது மரியாதைக்கு. தகரக் கூரை போட்ட ஒரு நீள அறை. நடுவில் பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் நானும் என் சாக்குகளும். அந்தப் பக்கம் கொக்கும் அவன் பெண்டாட்டியும்.

கொக்கு என்று பெயர் வைத்தது ஊர். ஆள் நெடுநெடுவென்று இருப்பான். கோலுக்குள் நிற்கும்போது பந்து எதிர்ப்பக்கம் போய்விட்டால் ஒரு காலைத் தூக்கி மறுகாலின் கெண்டைச் சதையைச் சொறிந்துகொண்டு நிற்பான். பேருந்துப் பணிமனையில் டயர் கழற்றி மாட்டுகிற வேலை. ஜாக்கி வைத்துத் தூக்கி, ஆள் உயரக் கம்பியால் நட்டைத் திருகி, சக்கரத்தை உருட்டிக்கொண்டு போய்ப் பஞ்சர் பார்ப்பான். நகக்கண்ணில் கிரீஸ் போகவே போகாது. தினக்கூலிதான். பணிமனை டீமுக்குக் கோல்கீப்பர் என்பதால்தான் அந்த வேலையும். "இந்தக் கோப்பை முடியட்டும், உன்னை நிரந்தரம் பண்ணிடலாம்" என்று ஃபோர்மேன் சொல்லி வைத்திருந்தான். அந்த வார்த்தையை நம்பி இவன் பெண்டாட்டி இரும்பு அலமாரி வைக்க இடமெல்லாம் ஒழித்து வைத்திருந்தாள். நான் நம்பவில்லை. ஃபோர்மேன்கள் சொல்கிற எதையும் நான் நம்பினதில்லை.

எதிரி டீமின் கோல்கீப்பர் என் தடுப்புக்கு அந்தப் பக்கம். சும்மா இருப்பானா?

"என்ன பெரிசு, உங்காளுங்க இன்னைக்காவது பந்தைப் பார்த்தாங்களா, இல்ல மூட்டைன்னு நெனச்சுத் தோள்ல தூக்கி வெச்சுக்கிட்டாங்களா?"

"நீ போய் சக்கரத்தை உருட்டுடா. பந்து உருட்டறது எங்க வேலை."

"ஒருநாள் பாரு, உங்க சம்மட்டி அடிக்கிறதை ஒத்தைக் கையில புடிக்கிறேன்."

சம்மட்டி எங்கள் டீமின் கேப்டன். அவன் உதைத்தால் பந்து காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். கிடங்கில் இரண்டு மூட்டையை ஒன்றாகத் தூக்குகிறவன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொக்கின் பெண்டாட்டி, சம்மட்டியின் தங்கை. அவனே மைதானத்தில் இவனைப் பார்த்து, இவன் விழுந்து எழுவதைப் பார்த்து, இவன்தான் மாப்பிள்ளை என்று கொண்டுவந்து கட்டி வைத்தான். அவள் வீட்டிலேயே சட்டைகளுக்குப் பொத்தான் துளை தைக்கிறவள். ஞாயிற்றுக்கிழமைதோறும் சம்மட்டி வந்து சாப்பிட்டுவிட்டுப் போவான். மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே தட்டு மீனுக்கு அடித்துக்கொள்வது எனக்குத் தடுப்பு வழியாகக் கேட்கும்.

ஆட்டத்தன்று காலையில் மழை. பகலில் விட்டுவிட்டது. ஆனால் வானம் அழுக்குத் துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. நான் போய்ப் பக்கவாட்டுப் பலகையில் உட்கார்ந்தபோது, மைதானத்தின் ஒரு முனையில் கோலுக்கு முன்னால் வெள்ளையாகப் பொடி கொட்டிக் கிடந்தது. தண்ணீர் தேங்கின இடம். அதை மூடியிருக்கிறார்கள். கொக்கு முதல் பாதியில் அந்தப் பக்கம் நின்றான்.

முதல் கோல் சீக்கிரமே விழுந்தது. இரண்டாவது விழும்போது கொக்கு முன்னால் பாய்ந்து, முகம் குப்புற அந்த வெள்ளைச் சேற்றில் விழுந்தான். சம்மட்டி ஓடிப்போய்த் தூக்கி விட்டான். கன்னத்தைத் தட்டினான். கூட்டம் கை தட்டியது. அடித்தவனே தூக்கி விடுகிறான் பார், அதுதான் உறவு என்று பக்கத்தில் இருந்தவன் சொன்னான். நானும் தலையாட்டினேன்.

அப்புறம் ஆட்டம் கொஞ்சம் நின்றது. கொக்கு கோட்டுக்கு வெளியே வந்தான். யாரோ பாட்டில் தண்ணீரை முகத்தில் ஊற்றினார்கள். சட்டையைத் தூக்கித் துடைத்துக்கொண்டான். ஃபோர்மேன் எழுந்து கையை ஆட்டிக் கத்தினான். கொக்கு திரும்பிப் போய் நின்றான். அதற்கப்புறம் மழை பெய்த மாதிரி கோல்.

"கொக்கே! இது மீன் இல்லடா, பந்து!"

"ஒத்தைக் கால்ல தூங்கிட்டான்டா!"

"மச்சானுக்கு விருந்து வைக்கிறான்! இன்னொரு தடவை பரிமாறுடா!"

சம்மட்டிக்கு மட்டும் ஐந்து கோல். நாங்கள் குதித்தோம். அவர்கள் டீம்காரர்கள் நான்கைந்து கோலுக்கு மேல் ஓடுவதையே நிறுத்திவிட்டார்கள். ஆட்டம் முடிந்ததும் அவர்களில் ஒருவன் கொக்கின் காலடியில் காறித் துப்பினான். அதையும் பார்த்தேன். தோற்றவன் துப்புவான் என்று விட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலம் தடுப்புக்கு அந்தப் பக்கம் பேச்சே இல்லை. அடுப்பில் சோறு பொங்கி வழிகிற வாசனை வந்தது. யாரும் இறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் குரல்.

"பெரியப்பா! கொஞ்சம் வாங்களேன்."

போனேன். கொக்கு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஈரத் துணியைக் கண்ணில் வைத்திருந்தான். அவள் துணியை எடுத்துக் காட்டினாள். இடது கண்ணில் கருப்பே தெரியவில்லை. வெந்த முட்டை மாதிரி இருந்தது. வலது கண் வீங்கி மூடியிருந்தது. கன்னமெல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"மண்ணு விழுந்துடுச்சாம் பெரியப்பா. காலையில சரியாயிடுமாம். இது மண்ணு விழுந்த கண்ணா?"

"என்ன பெரிசு, ஜெயிச்சதுக்கு மிட்டாய் கொண்டாந்தியா?" என்றான் கொக்கு. சிரிக்கப் பார்த்தான். கன்னம் இழுத்ததும் நிறுத்திக்கொண்டான்.

மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். வரிசை, சீட்டு, இன்னொரு வரிசை. கண் டாக்டர் பெண். சின்ன வயசு. அவளையும் நான் முதலில் நம்பவில்லை. ஆனால் அவள் விளக்கை அடித்துப் பார்த்ததுமே கேட்டாள். "சுண்ணாம்பு எப்படிக் கண்ணுக்குள்ள போச்சு?"

"கோல் முன்னாடி வெள்ளையாப் பொடி கொட்டியிருந்தாங்க" என்றேன் நான்.

"அது கட்டட வேலைக்கு வர சுட்ட சுண்ணாம்பு. தண்ணி பட்டா வேகும். கண்ணுக்குள்ளயும் அப்படித்தான் வெந்திருக்கு. உடனே விடாம தண்ணியில கழுவியிருக்கணும். நீங்க எத்தனை நேரம் கழிச்சு வந்திருக்கீங்க?"

"ஆட்டம் முடியணும்ல டாக்டர்" என்றான் கொக்கு.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். இடது கண் போனது போனதுதான், வலது கண்ணில் கொஞ்சம் பார்வை தேறலாம், சொல்ல முடியாது என்றாள். அவன் பெண்டாட்டி என் கையைப் பிடித்தாள். பொத்தான் துளை தைக்கிற விரல். இரும்பு மாதிரி இருந்தது.

திரும்பி வந்தபோது பணிமனை பிட்டர் வாசலில் நின்றான். அவன்தான் அவர்கள் டீமின் கேப்டன். உள்ளே வரவில்லை.

"ஃபோர்மேன் சொல்லச் சொன்னாரு. விசாரணை முடியற வரைக்கும் வேலைக்கு வர வேண்டாம்."

"என்ன விசாரணை?" என்றாள் அவள்.

"மச்சானுக்கு ஆட்டத்தை விட்டுக் குடுத்துட்டான்னு பேசிக்கிறாங்க. நான் சொல்லல. எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாரும்னா யாரு? உனக்கு வாய் இல்லையா? நீ பக்கத்துல நின்னவன்தானே? கண்ணைத் தேச்சுக்கிட்டு நின்னதைப் பார்த்தியா இல்லையா?"

அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டே போய்விட்டான்.

மறுநாள் டீக்கடைக்குப் போனேன். ஜெயித்தவர்கள் கூட்டம் அங்கேதான். டீக்கடைக்காரன் எங்கள் டீமின் பைத்தியம். ஆட்டம் முழுவதையும் செல்போனில் பிடித்து, நடுநடுவே பாட்டுப் போட்டு, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தான். எங்கள் கிளப் செயலாளர் பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டியை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார்.

"கோல் முன்னாடி சுண்ணாம்பு கொட்டினது யாரு?" என்று கேட்டேன்.

"நாங்கதான் பெரியவரே. தண்ணி நின்னுது. ஆட்டம் ரத்தாகும்னாங்க. பக்கத்துல கட்டடம் கட்டறாங்கள்ல, அங்க கேட்டு ரெண்டு மூட்டை வாங்கிக் கொட்டினோம். குபுகுபுன்னு உறிஞ்சிடுச்சு. மிச்சத்துல கோடும் போட்டாச்சு." அவருக்குப் பெருமை.

"ஒருத்தனுக்குக் கண்ணு போச்சு."

"கேள்விப்பட்டேன். பாவம். ஆனா ரெண்டு டீமுக்கும் ஒரே மைதானம்தானே? ரெண்டாவது பாதியில நம்ம கீப்பரும் அங்கதானே நின்னான்? அவனுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"நின்னான். கம்பத்துல சாஞ்சு நின்னான். பந்து வந்தாத்தானே விழறதுக்கு?"

செயலாளர் ரொட்டியை மென்றார். "சரி பெரியவரே, ஒன்பது கோல் ஒன்பது கோல்தான். அதை யாரு மாத்த முடியும்?"

டீக்கடைக்காரனிடம் படத்தைப் போடச் சொன்னேன். பாட்டை நிறுத்தச் சொன்னேன்.

"பாட்டு இல்லாம என்னத்த ரசிக்கிறது பெரிசு?"

"நான் ரசிக்க வரல. போடு."

இரண்டாவது கோல். கொக்கு விழுகிறான். சம்மட்டி தூக்குகிறான். கன்னத்தைத் தட்டுகிறான். மைதானத்தில் நான் பார்த்தது இதுவரைதான். அதற்கப்புறம் நான் பக்கத்தில் இருந்தவனோடு கை குலுக்கப் போய்விட்டேன். படத்தில் மிச்சமும் இருந்தது. கொக்கு சம்மட்டியின் சட்டையைப் பிடித்து இழுத்து என்னமோ சொல்கிறான். சம்மட்டி தலையை ஆட்டுகிறான். சரி என்கிற மாதிரி. திரும்பி நம் ஆட்களை நோக்கி ஓடுகிறான். ஓடிக்கொண்டே உள்ளங்கையால் தன் கண்ணை மூடிக் காட்டுகிறான். மறு கையால் பின்னால் கோலைக் காட்டுகிறான்.

"இன்னொரு தடவை போடு."

"இது என்ன சினிமாவா பெரிசு?"

"போடுடா."

மறுபடியும் அதே தலையாட்டல், அதே உள்ளங்கை. மூன்றாவது கோலிலிருந்து நம் ஆட்கள் ஒருவனும் கிட்டே போகவில்லை. தூரத்திலிருந்தே அடித்தார்கள். வழக்கமாக நான்கு பேர் உள்ளே நுழைந்து தள்ளுவார்கள். கொக்கு ஒவ்வொரு பந்துக்கும் கையை முகத்துக்கு முன்னால் தூக்கிக்கொண்டு, பந்து போனதற்கு அப்புறம் விழுந்தான். சத்தம் கேட்டு விழுந்திருக்கிறான். அதற்குத்தான் நாங்கள் அத்தனை பேரும் சிரித்தோம்.

டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். வழியெல்லாம் வாய்க்குள் திட்டிக்கொண்டு வந்தேன். எதிரே வந்த ஒருவன் தன்னைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்து ஒதுங்கிப் போனான்.

அவள் குழாயடிக்குப் போயிருந்தாள். கொக்கிடம் நேராகக் கேட்டேன்.

"சம்மட்டிகிட்ட என்னடா சொன்னே?"

"எப்போ?"

"நடிக்காதே. ரெண்டாவது கோல் விழுந்ததும்."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்டவன் முகத்தில் எதையும் படிக்க முடியாது. "கண்ணு எரியுது, பந்து தெரியல, மெதுவா அடிங்க மச்சான்னு சொன்னேன். வெளிய வந்து ஃபோர்மேன்கிட்டயும் சொன்னேன். போய் நில்லு, வெளிய வந்தா அப்படியே வீட்டுக்குப் போயிடுன்னாரு. வேற கீப்பர் இல்ல பெரிசு."

"மச்சான் என்ன சொன்னான்?"

"'சரி மாப்ளே'ன்னாரு."

"சரின்னுட்டா அஞ்சு கோல் அடிச்சான்?"

"விடு பெரிசு. அவ காதுல போட்டுடாதே. அவளுக்குன்னு இருக்கிறது ஒரே அண்ணன். இதைத் தெரிஞ்சுக்கிட்டு அவ என்ன பண்ணப்போறா?"

வாசலில் குடம் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. அவள் எவ்வளவு நேரமாக நின்றாளோ. தண்ணீர் குடத்திலிருந்து வழிந்துகொண்டிருந்தது.  செருப்பை மாட்டினாள். நான் பின்னாலேயே போனேன். முட்டி வலித்தது. அவள் வேகத்துக்கு என்னால் முடியவில்லை.

கிடங்கில் லாரி நின்றுகொண்டிருந்தது. பலகை போட்டு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். உமி தூசு, வியர்வை, நனைந்த சாக்கின் புளித்த நாற்றம். சம்மட்டி தோளில் மூட்டையோடு பலகையில் இறங்கிக்கொண்டிருந்தான். தங்கையைப் பார்த்ததும் சிரித்தான்.

"என்னம்மா இங்க? மாப்ளே எப்படி இருக்கான்? நானே வரணும்னு—"

"அவர் உன்கிட்ட கண்ணு தெரியலன்னு சொன்னாரா?"

மூட்டை தோளில் அப்படியே இருந்தது. பின்னால் வந்தவன் "நடண்ணே" என்றான். சம்மட்டி நடந்து போய் அடுக்கில் போட்டுவிட்டு வந்தான். கழுத்துத் துணியால் முகத்தைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"சொன்னாரா இல்லையா அண்ணே?"

"ஆட்டத்துல ஆயிரம் பேசுவாங்கம்மா. கால் வலிக்குதும்பான், மூச்சு வாங்குதும்பான். அதையெல்லாம் பார்த்தா ஆட முடியுமா?"

"சரின்னு சொன்னியா?"

"ஒரு பேச்சுக்குச் சொல்றதுதான்."

"பேச்சுக்குச் சொல்லிட்டு, கண்ணைப் பொத்திக் காட்டி உன் ஆளுங்களை ஏவி விட்டியே, அதுவும் பேச்சுக்குத்தானா?" இது நான். என்னால் அடக்க முடியவில்லை. "டீக்கடையில ஊரே பார்க்குது. பாட்டுப் போட்டுப் பார்க்குது."

சம்மட்டி என்னை முறைத்தான். "பெரியவரே, நீங்க நம்ம டீம். அதை ஞாபகம் வெச்சுக்கிட்டுப் பேசுங்க."

"தூ" என்றேன்.

அவள் அண்ணன் கையைப் பிடித்தாள். கெஞ்சலாகப் பிடிக்கவில்லை. "ஃபோர்மேன் அவரை விசாரிக்கக் கூப்பிட்டிருக்கான். ஆட்டத்தை உனக்கு வித்துட்டாருன்னு சொல்றாங்க. நீ வந்து நடந்ததைச் சொல்லு. கண்ணு தெரியாமத்தான் விட்டாருன்னு சொல்லு. வேற ஒண்ணும் கேக்கல உன்னை."

"எனக்குப் பெரிய டீம்ல இருந்து ஆள் வந்து பார்த்துட்டுப் போயிருக்காங்கம்மா. அஞ்சு கோல் அடிச்சதைப் பார்த்துத்தான். இப்போ போய் நான்..."

"அஞ்சும் உனக்கே இருக்கட்டும். வந்து சொல்லு."

அவன் தலையை ஆட்டினான். சரி என்கிற மாதிரி. அந்தத் தலையாட்டலை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். 

விசாரணை அன்று தூறல். பணிமனை முற்றத்தில் தண்ணீரின்மேல் டீசல் மிதந்து வண்ணம் காட்டியது. டயர் பிரிவில் வேறு ஒருவன் கம்பி வைத்து நட்டைத் திருகிக்கொண்டிருந்தான். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கொக்கு நின்றான். "கம்பியைத் தப்பாப் புடிச்சிருக்கான். நட்டு வழுக்கும்" என்றான். அவள் அவனை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

ஃபோர்மேன் அறையில் ஃபோர்மேனுக்கு மட்டும் நாற்காலி. அவன் டீ குடித்துக்கொண்டிருந்தான். பிட்டர் சுவரோரம் நின்றான். சம்மட்டி வந்திருக்கவில்லை.

"நீங்க யாரு?" என்றான் ஃபோர்மேன் என்னைப் பார்த்து.

"பக்கத்து வீடு."

"பக்கத்து வீட்டுக்கெல்லாம் இங்க என்ன வேலை? சரி, நில்லுங்க. ஏம்ப்பா, கண்ணு தெரியலன்னா வெளிய வந்திருக்கணும்ல?"

"வந்தேன் சார். நீங்கதான் போய் நில்லுன்னீங்க."

"நானா? எவன் கேட்டான்? நீ கேட்டியா?"

பிட்டர் சுவரைப் பார்த்தான். "கூட்டம் சார். சத்தமா இருந்துச்சு."

"பார்த்தியா? மண்ணு விழுந்துச்சுன்னு ஒருத்தன் சொன்னா, தொடச்சுக்கிட்டு நில்லுன்னுதான் எவனும் சொல்லுவான். அதுக்காக ஒன்பதா?"

"டாக்டர் சீட்டு இருக்கு சார்" என்று அவள் நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"கண்ணு கெட்டதை நான் இல்லைங்கலம்மா. எப்போ கெட்டுச்சுன்னு யாருக்குத் தெரியும்? ஆட்டம் முடிஞ்சு கெட்டிருக்கலாம்."

அப்போது சம்மட்டி உள்ளே வந்தான். துவைத்த சட்டை, வாரின தலை. தங்கையைப் பார்க்கவில்லை. ஃபோர்மேனுக்கு வணக்கம் வைத்தான்.

"சார், மாப்ளே பொய் சொல்லல. ரெண்டாவது கோல் விழுந்ததுமே என்கிட்ட சொன்னான்."

அவள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. ஃபோர்மேன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். "என்ன சொன்னான்?"

"கண்ணு தெரியல, மெதுவா அடிங்க மச்சான்னு."

"நீ?"

"சரி மாப்ளேன்னேன்."

ஃபோர்மேன் பிட்டரைப் பார்த்தான். சிரித்தான். "கேட்டியாய்யா? எதிர் டீம் கேப்டன்கிட்ட மெதுவா அடின்னு கேட்டிருக்கான். அவனும் சரின்னிருக்கான். நடு ஆட்டத்துல மச்சானும் மாப்பிள்ளையும் பேசி முடிச்சிருக்காங்க. நான் வேற சாட்சி தேடிக்கிட்டு இருந்தேன்!"

"சார், அதில்ல அர்த்தம்—" என்றான் கொக்கு.

"போதும்ப்பா. உன் மச்சானே வந்து சொல்லிட்டாரு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சுண்ணாம்பை ஒத்துக்கொண்டால், கண் வெந்தவனை உள்ளே தள்ளி நிற்க வைத்தவன் யார் என்று கேள்வி வரும். அது ஃபோர்மேன் கழுத்துக்கு வரும். அதனால் கொக்கு விற்றவனாகத்தான் இருக்க வேண்டும். சம்மட்டி வாய் தெரியாமல் அப்படிச் சொன்னானா, ஃபோர்மேன் எப்படித் திருப்புவான் என்று தெரிந்தே சொன்னானா, இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. தங்கைக்கும் சொன்ன மாதிரி ஆச்சு, கண்ணைப் பொத்திக் காட்டினதைச் சொல்லாத மாதிரியும் ஆச்சு. என்னைக் கேட்டால், தெரிந்தேதான் சொன்னான்.

"கண்ணைப் பொத்திக் காட்டினியே, அதைச் சொல்லுடா!" என்று கத்தினேன்.

"பெரியவரை வெளிய கூட்டிட்டுப் போங்க" என்றான் ஃபோர்மேன். "நாளையில இருந்து நீ வர வேண்டாம்ப்பா. டயருக்கு வேற ஆள் வெச்சாச்சு."

வாசல் கேட்டுக்கு வெளியே வந்து நின்றோம். தூறல் விடவில்லை. சம்மட்டி பின்னால் ஓடி வந்தான்.

"மாப்ளே, நான் நல்லதுக்குத்தான் சொன்னேன். அந்தாளு இப்படித் திருப்புவான்னு எனக்கென்ன தெரியும்? நீ கவலைப்படாதே. நம்ம கிடங்குல சொல்லி எதாவது வேலை..."

"மூட்டை எண்ணற வேலையா மச்சான்?" என்றான் கொக்கு. "ஒண்ணு கேக்கறேன். கடைசி கோல் எப்படிப் போச்சு? எனக்கு வெறும் சத்தம்தான் கேட்டுச்சு."

சம்மட்டி கொஞ்சம் தயங்கினான். அவன் தோளில் கை வைத்தான். "நேரா மாப்ளே. உன் நெஞ்சுக்கு நேராத்தான் அடிச்சேன். நீ புடிச்சுக்குவேன்னு. நீதான் விலகிட்டே."

அதற்குள் டீக்கடைக்குத் திரும்பத் திரும்பப் போய் அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

"பொய்" என்றேன் கொக்கிடம். "இடது மூலை. தரையோட. அடிக்கறதுக்கு முன்னாடி தலையைத் தூக்கி நீ எங்க நிக்கறேன்னு பார்த்துட்டு, நீ இல்லாத பக்கமா அடிச்சான்."

கொக்கு முகத்தை என் பக்கம் திருப்பினான். அப்புறம் சம்மட்டி பக்கம். கண் தெரியாதவனிடம், அவன் கண்ணைக் கெடுத்த ஆட்டத்தைப் பற்றி, அவன் தோளில் கை வைத்துக்கொண்டே பொய் சொல்கிறான். 

"கைய எடு" என்றாள் அவள்.

"அம்மா, நான்..."

"எடுன்னேன்ல."

அவன் எடுக்கவில்லை. அவளே எடுத்தாள். ஒட்டின அட்டையைப் பிடுங்குகிற மாதிரி எடுத்துக் கீழே விட்டாள். "ஞாயித்துக்கிழமை வராதே. எந்தக் கிழமையும் வராதே." அவள் அழவில்லை. சம்மட்டிதான் அழுதான். அந்த அழுகையையும் நான் நம்பவில்லை.

பேருந்து வந்தது. ஏறினோம். கண்டக்டர் கொக்கைப் பார்த்ததும் டிரைவருக்குக் கேட்கிற மாதிரி சொன்னான். "பாரு அண்ணே, ஒன்பதுக்காரர் ஏறியிருக்காரு. டிக்கெட்டையாவது கையில புடிப்பாரா?" முன் இருக்கையில் இரண்டு பேர் சிரித்தார்கள். நான் எழுந்தேன். கொக்கு என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தான்.

"உக்காரு பெரிசு. நீதான் எல்லாத்தையும் பார்த்திருக்கியே. முதல்ல இருந்து சொல்லு. ஒண்ணையும் விடாதே. எனக்காக மாத்தியும் சொல்லாதே."

சொன்னேன். "முதல் கோல். வலது பக்கத்துல இருந்து வந்தது. உன் ஆள் காலுக்கு நடுவுல புகுந்து வந்துச்சு."

"அப்போ எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு. பந்து வரதைப் பார்த்தேன். கால் எடுத்து வைக்க நேரமாயிடுச்சு. அது என்னோடது."

"ரெண்டாவது நீ பாய்ஞ்சு விழுந்தது."

"அவசரப்பட்டுட்டேன். ரெண்டடி பின்னாடியே நின்னிருந்தா கையில வந்திருக்கும். அதுவும் என்னோடது. ம், சொல்லு."

"மூணாவது தூரத்துல இருந்து. மேல போய் இறங்குச்சு."

"அது என்னோடது இல்ல."

நான்காவது. ஐந்தாவது. ஒவ்வொன்றாகச் சொன்னேன். எந்தப் பக்கம், எவ்வளவு உயரம், அடித்தவன் யார், கொக்கின் கை எங்கே இருந்தது. அவன் ஒவ்வொன்றையும் கேட்டு, கொஞ்சம் யோசித்து, கையை லேசாக அந்தப் பக்கம் நீட்டிப் பார்த்து, "இல்ல" என்றான். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் ஒன்றையும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று தெரிந்தது. ஒவ்வொரு "இல்ல"வுக்கும் அவள் தாடை இறுகியது. முன் இருக்கைக்காரர்கள் சிரிப்பை நிறுத்தி, திரும்பாமல் காதை மட்டும் கொடுத்தார்கள்.

கடைசியைச் சொல்லி முடித்தேன். இடது மூலை, தரையோடு.

"அது கண்ணு இருந்தாலும் கஷ்டம்தான்" என்றான் கொக்கு. "ஆனா விழுந்திருப்பேன். சரியான பக்கமாவது விழுந்திருப்பேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டான். "ரெண்டு என்னோடது பெரிசு. ஏழு என்னோடது இல்ல."

"சத்தமாச் சொல்லுங்க" என்றாள் அவள், ஜன்னலிலிருந்து திரும்பாமலே.

"என்னது?"

"இந்த பஸ்ஸுக்கே கேக்கற மாதிரி சொல்லுங்க."

கண்டக்டர் டிக்கெட் கிழிக்கிறதை நிறுத்திவிட்டுப் பார்த்தான். கொக்கு முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். கூரையில் தலை இடித்தது. குனிந்துகொண்டான். கோலுக்குள் நின்று தன் ஆட்களை அதட்டுகிற அந்தக் குரல் வந்தது.

"ரெண்டு என்னோடது! ஏழு என்னோடது இல்ல!"